நாலாம் பக்கம்

நீதிமன்றக் குமாஸ்தா பெர்னடீன் ஹூடாக் ஓய்வு பெறுகிறார், அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதிக் கொடு என்று எங்கள் கவுண்டி, அதாவது மாவட்ட, வக்கீல் சங்கத்தில் என்னைக் கேட்டார்கள். ஏன் என்னைப் பிடித்தார்கள் என்று எனக்குத் தெரியும். இருபத்தேழு வருஷமாக அந்த அம்மாவின் ஜன்னலில் நின்று தொண்டை கிழியக் கத்தியவர்களில் முதல் ஆள் நான்தான். "கார்ல் ட்ரெஸ்லர் எழுதினா நல்லா இருக்கும்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எல்லாரும் சிரித்திருப்பார்கள். சரி, ரத்தக்கொதிப்பு மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் நீதிமன்றக் கட்டடத்தின் தரைத்தளத்தில், மாடிப்படிக்கு வலப்பக்கம், சிவில் வழக்குத் தாள்களை வாங்குகிற அலுவலகம் இருக்கிறது. பென்சில்வேனியாவில் அதற்கு வாயில் நுழையாத ஒரு பழைய பெயர் உண்டு. அந்தப் பதவிக்குத் தேர்தலில் நிற்கிறவர்களுக்கே அந்தப் பெயர் சரியாகச் சொல்ல வராது. நாங்கள் 'ஜன்னல்' என்போம். "ஜன்னலுக்குப் போனியா?" என்றால் "பெர்னடீனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாயா?" என்று அர்த்தம்.

ஒரு சிவில் வழக்கில் நீதிபதியிடம் எதையாவது கேட்க வேண்டுமென்றால் வாயால் கேட்க முடியாது, எழுதி மனுவாகப் போட வேண்டும். எங்கள் கவுண்டியின் உள்ளூர் விதிப்படி மனுவுக்கு மேல்தாள் வேண்டும். நீதிபதி கையெழுத்துப் போடத் தோதாக வரைவு உத்தரவு வேண்டும். எதிர்த்தரப்புக்குப் பிரதி அனுப்பினேன் என்று ஒரு சான்று வேண்டும். இதெல்லாம் எந்த ஊரிலும் உண்டு. எங்கள் ஊரின் தனிச் சனியன் நாலாம் பக்கம். பழைய அச்சுப் படிவத்தில் நாலாவதாக இருந்ததால் அந்தப் பெயர். மனு நாற்பது பக்கம் இருந்தாலும் அது நாலாம் பக்கம்தான்.

அதில் ஒரே ஒரு வாக்கியம். "எதிர்த்தரப்பு வக்கீலை நேரிலோ தொலைபேசியிலோ கேட்டேன், இந்த மனுவுக்கு அவர் சம்மதிக்கிறார், அல்லது சம்மதிக்கவில்லை." அவர் சம்மதித்தால் விசாரணையே கிடையாது. நீதிபதி அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடலாம். சம்மதிக்காவிட்டால் இரண்டு தரப்பும் வாதத்தை எழுதிக் கொடுத்து, வாத நாள் பட்டியலில் பெயர் ஏறி, நம் முறை வர இரண்டு மாதம், பனிக்காலமானால் மூன்று.

நான் என்ன செய்வேன்? எல்லாரும் செய்வதைத்தான் செய்வேன். 'சம்மதிக்கவில்லை' என்று என் கம்ப்யூட்டரிலேயே நிரந்தரமாக அடித்து வைத்திருந்தேன். போனாவது, கேட்பதாவது! எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் போன் போட்டு "ஐயா, உங்களுக்குச் சம்மதமா?" என்று குழைவதா? அதுவும் ஓவன் பெக்குக்கா? பெக்கின் அலுவலகம் தெருவுக்கு எதிர்ப்பக்கம், ரொட்டிக் கடைக்கு மேலே. என் ஜன்னலிலிருந்து பார்த்தால் அவன் வழுக்கை தெரியும். பத்தொன்பது வருஷம் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் மனு போட்டிருக்கிறோம், ஒருநாள்கூட ஒருவரை ஒருவர் கேட்டதில்லை. அவன் படிவத்திலும் அதே வார்த்தைதான் அடித்து வைத்திருந்தது.

பெர்னடீனுக்கு இது தெரியும். அந்தக் கண்ணுக்குத் தெரியாதது எது? ஆறாம் நம்பர் சுரங்கக் குடியிருப்பில் பிறந்தவர். பள்ளி முடித்ததும் எங்கள் ஊர் சட்டை ஆலையில் வேலை. தையல்காரி இல்லை, பரிசோதகர். நாள் முழுக்க உட்கார்ந்து காலரில் பிசிறு தேடி, நீலச் சாக்கட்டியால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புகிற வேலை. ஆலையை மூடினார்கள், அம்மா நீதிமன்றத்துக்கு வந்தார், சாக்கட்டி பென்சிலாயிற்று. வேறு ஒரு மாற்றமும் இல்லை.

வக்கீல் இல்லாமல் தாங்களே தாள் கொண்டுவரும் ஏழை பாழைகளிடம் மட்டும் வேறு முகம். "நான் சட்ட ஆலோசனை சொல்லக் கூடாதும்மா" என்று கறாராகச் சொல்லிக்கொண்டே, விட்டுப்போன கட்டத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பார். அவர்கள் நிரப்பி முடிக்கும்வரை விரல் நகராது. ஜன்னலில் ஒரு கிண்ணம் நிறைய புதினா மிட்டாய் இருக்கும். அது அவர்களுக்கு. ஒருமுறை நான் ஒன்றை எடுத்தேன். "வக்கீல் ட்ரெஸ்லர், உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டார். திரும்பப் போட்டுவிட்டேன்.

சரி, பத்து வருஷத்துக்கு முந்தைய ஒரு திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

ஜோன் விட்கோ என்று ஒரு பெண்மணி, பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். புருஷன் டெட்டி முப்பது வருஷம் சுரங்கத்தில் கிடந்து நுரையீரல் கரியாகிப் போனவன். மூக்கில் குழாயோடு ஜன்னலோரம் உட்கார்ந்தே இருப்பான். ஒவ்வொரு செவ்வாயும் ஆக்சிஜன் வண்டி வந்து உருளைகளை மாற்றிவிட்டுப் போகும். அவர்கள் வீட்டுக்கு ஒரே வழி ஒரு மண்பாதை, கால் மைல் நீளம். பாதை ஓடுகிற நிலத்தைப் ப்ராட் என்கிற ஒரு பிலடெல்ஃபியா ஆசாமி வாங்கினான். பாதையில் யாரும் போகக் கூடாது என்று வழக்குப் போட்டான். அவனுடைய வக்கீல், வேறு யார், ஓவன் பெக்.

ஜோனுக்கு சம்மன் வந்தது. பதில் போடாவிட்டால் உனக்கெதிராகத் தீர்ப்பாகிவிடும் என்று எச்சரிக்கையும் வந்தது. அந்த அம்மா இரண்டையும் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் சொருகி வைத்துவிட்டார்.

"சாக்கடை வரி சம்பந்தமா ஏதோன்னு நெனச்சேன் கார்ல். கட்டம் போட்டு, பெரிய எழுத்துல இருந்துச்சு. பெரிய எழுத்துல வர்றதெல்லாம் விளம்பரம்தானே?"

"ஜோன், அதுல 'முக்கிய அறிவிப்பு'ன்னு போட்டிருந்ததே!"

"எல்லா விளம்பரத்துலயும் அப்படித்தானே போடறான்!"

என்ன சொல்வது? யாரும் பதில் போடவில்லை என்று ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்டது. மறுநாளே ப்ராட் பாதைக்குக் குறுக்கே சங்கிலி கட்டிப் பூட்டுப் போட்டான். ஆக்சிஜன்காரன் உருளைகளைப் பனிச்சறுக்குப் பலகையில் வைத்து இழுத்துக்கொண்டு போனான். இந்த ஒரு தடவைதான் இப்படி, அடுத்த செவ்வாய் வண்டி போக வழியில்லையென்றால் நோயாளியைப் பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றிவிடுங்கள் என்று அவன் கம்பெனி சொல்லிவிட்டது. டெட்டி ஒரே வார்த்தைதான் சொன்னானாம். "போக மாட்டேன்." குழாயோடு அதற்குமேல் பேச அவனுக்கு மூச்சு இல்லை.

ஒருதலைத் தீர்ப்பைத் திறக்கச் சொல்லிப் பத்து நாளுக்குள் மனுப் போட்டால், நம்மிடம் நியாயமான பதில் இருந்தால், நீதிபதி திறந்தே ஆக வேண்டும். பதினோராம் நாள் போட்டால் கதை வேறு, கெஞ்ச வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், சாக்கடை வரி என்று சொன்னால் நீதிபதி சிரிப்பார். ஜோன் என்னிடம் வந்ததே நன்றித் திருநாள் வாரத்தில், பாதி நாள் போன பிறகு. பத்தாம் நாள் ஞாயிறு. ஆகவே திங்கள் நாலரை மணி கடைசி.

அந்தத் திங்கள் என்ன நாள் தெரியுமா? ஆண்மான் வேட்டை துவங்குகிற நாள். எங்கள் கவுண்டியில் அன்றைக்குப் பள்ளி கிடையாது, பல் டாக்டர் கிடையாது, குழாய் ரிப்பேர்காரன் கிடையாது. நீதிமன்றம் திறந்திருக்கும், ஆனால் உள்ளே ஈ ஓட்டுவார்கள். நான் வேட்டைக்குப் போவதில்லை, பெர்னடீனும் போவதில்லை. விதி எங்கள் இருவரையும்தான் அந்தக் கட்டடத்தில் மிச்சம் வைத்தது.

காலை ஒன்பது மணிக்கு மனுவை நீட்டினேன். அந்த அம்மா வழக்கம்போலத் தாள்களை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார். பக்கம் எண்ணுகிறார் என்று நாங்கள் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தோம். திரும்பி வந்து என் பிரதியை ஜன்னலில் வைத்து, நாலாம் பக்கத்தில் பென்சிலைப் பதித்தார்.

"வக்கீல் பெக் சம்மதிக்கலைன்னு போட்டிருக்கு."

"ஆமா."

"எத்தனை மணிக்குக் கேட்டீங்க?"

"என்னது?"

"கேட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. எத்தனை மணிக்கு?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "பெர்னடீன், இந்த ஊர்ல எவன் கேட்டிருக்கான்? எல்லாப் பயலும் இதையேதான் எழுதறான்!"

"தெரியும். இன்னைக்கு நீங்க ஒருத்தர்தான் வந்திருக்கீங்க, அதனால உங்களைக் கேக்கறேன்."

"உள்ளூர் விதியில ஓட்டை இருக்குன்னு நீங்க ஒரு தாளை வாங்க மறுக்கவே முடியாது. மாநில விதியே அப்படித்தான் சொல்லுது!"

"யார் மறுத்தா?" என்றார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "போன் அங்க இருக்கு."

சுவரில் ஒரு போன். அந்தக் கட்டடத்தில் அன்றைக்கு என்னைத் திட்டித் தீர்க்க வேறு ஆள் இல்லாததுபோல் அது தொங்கிக்கொண்டிருந்தது. மாடியில் நீதிபதி ஹெலர் அம்மையார் இருந்தார், அவரிடம் ஓடிப்போய்க் குமாஸ்தாமேல் புகார் சொல்லலாம்தான். சொன்னால் அவர் என்ன கேட்பார்? "ட்ரெஸ்லர், நீங்க போன் பண்ணீங்களா இல்லையா?" பொய்க் கையெழுத்தோடு நீதிபதிமுன் போய் நிற்க எனக்கென்ன பைத்தியமா?

பெக்கின் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வெளியே வந்து தெருவைக் கடந்து பார்த்தால் கதவில் அட்டை: 'மான் அழைக்கிறது. புதன்கிழமை வருவேன்.' அவன் வீட்டுக்குப் போட்டேன். அவன் மனைவி எடுத்தாள். "கேம்ப்ல இருக்கார். அங்க சிக்னல் கிடையாது. நீங்களா ட்ரெஸ்லர்? நீங்களா போன் பண்றீங்க? யாராவது செத்துட்டாங்களா?"

பத்தரைக்கு ஜன்னலுக்குத் திரும்பினேன். அதற்குள் நாலாம் பக்கத்தை மாற்றி அடித்திருந்தேன்: 'கேட்க முயன்றேன், தொடர்புகொள்ள இயலவில்லை.' உண்மைதானே!

"எங்கெல்லாம் முயற்சி பண்ணீங்க?" என்றார் பெர்னடீன்.

சொன்னேன்.

"கேம்ப் எங்கன்னு அவர் மனைவிகிட்ட கேட்டீங்களா?"

"யம்மா தாயே! காட்டுக்குள்ள போய்த் தேடச் சொல்றீங்களா?"

"டர்கி ரிட்ஜ்ல, பழைய தண்ணித்தொட்டிக்கு மேல. என் வீட்டுக்காரர் ஸ்டீவும் அங்கதான் இருக்கார். மத்தியானம் எல்லாரும் மிட்ச் கடைக்கு பீன்ஸ் சூப் சாப்பிட இறங்குவாங்க. மிட்ச் கடைல போன் இருக்கு, ஆனா இன்னைக்கு அவன் எடுக்க மாட்டான். நாப்பது நிமிஷம்தான், பனி பெருசா இல்ல."

"இதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாமே!"

"நீங்க கேக்கலையே."

நான் பற்களைக் கடித்துக்கொண்டு கிளம்பினேன். கதவுவரை போனவனைக் கூப்பிட்டார். மேசைக்கடியிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் கண்ணைக் குத்துகிற ஒரு கையில்லாச் சட்டையை எடுத்து ஜன்னல் வழியாக வீசினார். "கறுப்புக் கோட்டுல காட்டுக்குள்ள போகாதீங்க. எவனாவது சுட்டுட்டா நாலாம் பக்கம் யார் எழுதறது?"

மிட்ச் கடைக்குப் போனால் சூப் இருந்தது, ஸ்டீவ் இருந்தான், பெக் இல்லை. "அவன் ஒண்ணை அடிச்சுட்டான், மேல ஓடைக்குப் பக்கத்துல இழுத்துக்கிட்டு இருக்கான்" என்றான் ஸ்டீவ். "அந்தச் சட்டை என்னோடதுல்ல?"

ஓடைக்குப் போனேன். வழக்குமன்றக் காலணியோடு, முழங்கால்வரை பனியில், கோட்டுக்கு மேல் ஆரஞ்சுச் சட்டையோடு. பெக் ஒரு பெரிய ஆண்மானின் கொம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றான்.

"ட்ரெஸ்லர்? என்னடா, சம்மன் குடுக்க வந்தியா?"

"பெக், ஒரே ஒரு கேள்வி. விட்கோ வழக்குல..."

"முதல்ல அந்தக் கொம்பைப் பிடி. பேச்சு அப்புறம்."

பிடித்தேன். சாமி, என் வாழ்க்கையில் நான் இழுத்த பாரங்களில் அதுதான் பெரிது. பத்தடி இழுப்போம், நிற்போம், நான் இரண்டு வாக்கியம் சொல்வேன், மறுபடி இழுப்போம். தீர்ப்பைத் திறக்கும் மனு என்றேன். பத்தாம் நாள் என்றேன். சங்கிலி என்றேன். ஆக்சிஜன் வண்டி என்றேன்.

பெக் கொம்பை விட்டுவிட்டான்.

"எந்த ஆக்சிஜன் வண்டி?"

"டெட்டி விட்கோவுக்கு. செவ்வாய்க்குச் செவ்வாய் வரும். நாளைக்கு வரணும்."

"ப்ராட் எங்கிட்ட அதைச் சொல்லவே இல்லயேடா! மூணு சக்கர, நாலு சக்கர வண்டில பசங்க கூத்தடிக்கிறாங்க, பாதையை அடைக்கணும்னான். அங்க ஒரு வீடு இருக்குன்னு தெரியும், வேற வழி இருக்குன்னான்." அவன் முகம் சிவந்தது, குளிரில் இல்லை. "எங்கப்பன் அந்தக் குழாயோடதான் செத்தான், தெரியுமா உனக்கு?"

தெரியாது. பத்தொன்பது வருஷம் எதிர்த்தெருவில் இருந்தவன், எனக்கு அவன் வழுக்கை மட்டும்தான் தெரியும்.

"திறக்க எனக்குச் சம்மதம். பத்து நாளுக்குள்ள வந்துட்ட, எப்படியும் திறக்கத்தான் போறாங்க. அதுக்குப் பிப்ரவரி வரைக்கும் வாதாடணுமா? சங்கிலிக்கு மட்டும் ப்ராட்டைக் கேக்கணும், அவன் என் கட்சிக்காரன்." கொம்பைக் குனிந்து பிடித்தான். "இழு."

மிட்ச் கடை போனில் பெக் பிலடெல்ஃபியாவைப் பிடித்தான். கடையே சூப்புக் கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டது. முதலில் மரியாதையாகத்தான் ஆரம்பித்தான். அப்புறம், "ப்ராட் சார், நாளைக்கு அந்த ஆள் மூச்சு நின்னா எந்த ஜட்ஜ் முன்னாடியும் நான் உங்களுக்காக நிக்க மாட்டேன், வேற வக்கீலைப் பாத்துக்குங்க!" என்று அவன் போட்ட சத்தத்தில் மிட்ச்சின் நாய் மேசைக்கடியில் போயிற்று. போனை வைத்தான். "வழக்கு முடியிற வரைக்கும் சங்கிலி வேண்டாம்கறான். எங்க கையெழுத்து?"

என் பிக்கப் வண்டியின் பின்பலகையில் வைத்து நாலாம் பக்கத்தில் 'தொடர்புகொள்ள இயலவில்லை'யைக் கோடு போட்டு அடித்துவிட்டு, 'மதியம் 12.50க்கு நேரில் கேட்டேன், சம்மதிக்கிறார், சங்கிலியையும் அகற்றச் சம்மதிக்கிறார்' என்று கையால் எழுதினேன். பெக் கீழே கையெழுத்துப் போட்டான். கட்டைவிரலும் பதிந்துவிட்டது, மான் ரத்தத்தோடு.

இரண்டு மணிக்கு ஜன்னல். தலையில் பனி, காலணியில் சேறு, கையில் அந்தத் தாள். பெர்னடீன் வாங்கிப் படித்தார். கறையைப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இப்போது மட்டும் ஏதாவது சொல்லட்டும், நான் இந்த ஜன்னல் வழியாகவே உள்ளே குதித்துவிடுவேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"கறையைப் பத்தி விதியில ஒண்ணும் இல்ல" என்றார். மாடிக்கு எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டே முக்காலுக்கு நீதிபதி ஹெலரின் கையெழுத்தோடு உத்தரவு கீழே வந்தது. தீர்ப்பு திறக்கப்பட்டது, சங்கிலியை அகற்ற வேண்டும். ஜோனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் அழுகைதான் கேட்டது. அப்புறம்தான் முத்திரை போட்ட என் பிரதியை மடித்துப் பைக்குள் வைக்கப் போனேன். நாங்கள் யாரும் முத்திரையில் தேதியைத்தான் பார்ப்போம், நேரத்தை எவன் பார்க்கிறான்? அன்றைக்கு என்னவோ பார்த்தேன்.

காலை 9.04.

"பெர்னடீன்!"

"சொல்லுங்க."

"ஒன்பது மணிக்கே முத்திரை போட்டுட்டீங்க! நான் குடுத்த உடனே! பின்னறைக்கு எடுத்துட்டுப் போனது இதுக்குத்தானா?"

"எல்லாருக்கும் முதல்ல முத்திரைதான். அப்புறம்தான் படிப்பேன். யாரோட நாளும் எங்கிட்ட கெட்டுப் போகக் கூடாது."

"அப்ப என் மனு காலையிலேயே தாக்கல் ஆயிடுச்சு! நான் காட்டுக்குப் போகவே வேண்டியதில்ல! மானை இழுக்க வேண்டியதில்ல! என்னை நாள் முழுக்க வறுத்தெடுத்தீங்களே!"

"தாக்கல் ஆகலைன்னு நான் எப்ப சொன்னேன்? கேட்டீங்களான்னுதான் கேட்டேன்." மேசைமேல் இருந்த மாட்டிறைச்சி சாண்ட்விச்சைப் பிரித்தார். காலையிலிருந்து அவர் சாப்பிடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. "சம்மதிக்கலைன்னே போயிருந்தா உங்க மனு பிப்ரவரி பட்டியல்ல ஏறியிருக்கும். வண்டி நாளைக்கு வரணும்னு மூணாம் பக்கத்துல நீங்கதானே எழுதியிருக்கீங்க? நான் மூணாம் பக்கத்தையும் படிப்பேன், வக்கீல் ட்ரெஸ்லர். சட்டையைக் குடுத்துட்டுப் போங்க."

ஐயோ, எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பாதி அந்த அம்மாமேல். மீதிப் பாதி யார்மேல் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த வாரமே பெக்கைக் கூப்பிட்டுக் கேட்டேன். நான் இத்தனை வருஷமாகப் போட்ட மனுக்களில் எத்தனைக்கு நீ சரி என்று சொல்லியிருப்பாய்? அவன் யோசித்துவிட்டு, "பாதிக்கு மேல" என்றான். அவனுடையதில் எனக்கும் அதே கணக்குத்தான். வீணாகப் போன அந்த இரண்டு மாதம், மூன்று மாதமெல்லாம் எங்கள் கட்சிக்காரர்களுடையது.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வண்டி ஜோனின் வாசல்வரை போயிற்று. வழக்கு பின்னால் சமரசமாகி, பாதை பாதையாகவே இருந்தது.

இவ்வளவும் எழுதி முடித்து, மரியாதைக்காக நேற்று ஜன்னலில் கொண்டுபோய்க் காட்டினேன். வேறு எங்கே குறை சொல்லப் போகிறார், அவரைப் புகழ்ந்துதானே எழுதியிருக்கிறேன்! பென்சிலை எடுத்துக்கொண்டு படித்தார். நான் இருபத்தாறு வருஷம் என்று எழுதியதை இருபத்தேழாக்கினார். கடைசிவரை படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"பெக் பேர் இருக்கு. ஜோன் பேர் இருக்கு. டெட்டி பேர் இருக்கு."

"ஆமா. அதுக்கென்ன?"

"அவங்களைக் கேட்டீங்களா?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"போன் அங்க இருக்கு."

ஓய்வு பெற நாலு நாள் இருக்கிறது! நாலே நாள்! சுவரிலிருந்து அந்தப் பாழாய்ப் போன போனை எடுத்தேன். பெக் சிரித்துவிட்டு, மானின் எடையைக் கூட்டி எழுது என்றான். அப்புறம் ஜோன். விஷயத்தைச் சொன்னேன், உங்கள் பெயரும் டெட்டி பெயரும் வருகிறது, சம்மதமா என்று கேட்டேன். டெட்டி போய் ஏழு வருஷம் ஆகிறது. அந்தத் திங்கட்கிழமைக்கு அப்புறம் மூன்று குளிர்காலம் இருந்தான்.

"எழுதுங்க கார்ல்" என்றார் ஜோன். "அந்த மூணு வருஷமும் அந்த ஜன்னல் பக்கத்துலயே உக்காந்து வண்டி வர்றதைப் பாத்துக்கிட்டு இருந்தார்னு எழுதுங்க. அவர் வீட்டுலதான், அவர் படுக்கையிலதான் போனார்னு எழுதுங்க. அந்த அம்மாவுக்கு அது தெரியுமா?"

திரும்பிப் பார்த்தேன். போனின் சத்தம் ஜன்னல்வரை கேட்டிருக்கிறது. பெர்னடீன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, புதினா மிட்டாய்க் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். நான் ஒன்றை எடுத்துக்கொண்டேன்.